பூட்டிய அறையும் பொது மூச்சும்: தடிமனும் காய்ச்சலும் காற்றில் பரவும் விதம்

மார்கழி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கத் தொடங்கினால் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலும் டியூசன் வகுப்புகளில் முதலில் நடப்பது யன்னலைச் சாத்துவது. சாத்தாவிட்டால் கொப்பி நனையும், ஓர வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சாரல் அடிக்கும். உள்ளே 60 பிள்ளைகள். தகரத்தில் விழும் மழைச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்பதற்காக சேர் தொண்டை கிழியக் கத்திப் படிப்பிப்பார். இப்படி 2 மணி நேரம். அதில் ஒரு பிள்ளைக்கு இன்புளுவன்சா இருந்தால், இரண்டு மூன்று நாளில் இன்னும் பல பிள்ளைகள் தடிமனும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுவார்கள். "மழையில நனைஞ்சதால வந்த வருத்தம்" என்று வீட்டில் சொல்வார்கள். மழைத் தண்ணீரில் இன்புளுவன்சா வைரஸ் இல்லை. அந்த 2 மணி நேரமும் 60 பேரும் ஒரே காற்றை மாறி மாறி மூச்சாக எடுத்தார்கள். வருத்தம் வந்த வழி அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சுருட்டை நினைத்துப் பாருங்கள். வயலால் வந்தவர் முற்றத்தில் நின்று பற்றவைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு நெடி வந்து போகும், அவ்வளவுதான். அதே சுருட்டை யன்னல் சாத்திய அறைக்குள் பற்றவைத்தால் எதிர் மூலையில் இருப்பவருக்கும் சற்று நேரத்தில் கண் எரியும். குடித்தவர் எழுந்து போன பிறகும் அறை மணக்கும். கிட்ட இருப்பவருக்கு அதிகம், எட்ட இருப்பவருக்குக் குறைவு. ஆனால் நேரம் போகப்போக எட்ட இருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு கரைந்துவிடும். தொற்றுள்ளவர் விடும் மூச்சும் கிட்டத்தட்ட இப்படித்தான் அறையை நிரப்புகிறது. புகை கண்ணுக்குத் தெரிவதால் எழுந்து யன்னலைத் திறக்கிறோம். மூச்சு தெரிவதில்லை.

மூச்சோடு வெளியே வருபவை

இருமினால், தும்மினால் மட்டும்தான் வைரஸ் வெளியே வரும் என்பது பலருடைய எண்ணம். சும்மா மூச்சு விடும்போதே வருகிறது. நுரையீரலின் கடைசிக் கிளைக்குழாய்கள் மிக ஒடுங்கியவை. மூச்சை முழுதாக விடும்போது அவற்றின் ஈரமான உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சை இழுக்கும்போது அந்த ஈரப்படலம் பட்டென்று கிழிந்து மிக நுண்ணிய துளிகளாகச் சிதறும். பேசும்போது குரல்நாண்கள் அதிர்ந்து இன்னும் துளிகளைச் சிதறடிக்கும். உதடும் நாக்கும் பெரிய துளிகளைத் தெறிக்கவிடும். குரல் உயர உயரத் துளிகளின் எண்ணிக்கையும் ஏறும். உரத்துப் பேசுபவரும் பாடுபவரும் ஓதுபவரும் அமைதியாக மூச்சு விடுபவரைவிடப் பல மடங்கு துளிகளை வெளியே விடுகிறார்கள். கொவிட்டில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இது நடக்கும். ஆகவே "எனக்கு இருமல் இல்லையே" என்பது உத்தரவாதம் ஆகாது.

இந்தத் துளிகள் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதைத் தீர்மானிப்பது அவற்றின் பருமன். ஒரு மீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். வாயின் உயரமான ஒன்றரை மீற்றரிலிருந்து, அசையாத காற்றில், 100 மைக்ரோமீற்றர் துளி 5, 6 செக்கனில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரோமீற்றர் துணிக்கைக்கு 8 நிமிடம் வேண்டும். 5 மைக்ரோமீற்றர் என்றால் அரை மணித்தியாலம். 1 மைக்ரோமீற்றர் என்றால் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆட்கள் நடமாடும் அறையில் காற்று ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. உடல் சூட்டில் காற்று மேலெழும், ஃபேன் சுழலும். அதனால் சிறியவை விழுவதே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கொரோனா வைரஸ் ஒன்றின் அகலம் 0.1 மைக்ரோமீற்றர் அளவுதான். ஆகவே 1 மைக்ரோமீற்றர் துணிக்கைக்குள்ளும் அதற்கு இடம் இருக்கிறது. வெளியே வந்த துளியின் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகிப்போகும். உப்பும் சளியும் வைரசும் சேர்ந்து சுருங்கிய ஒரு துணிக்கை மிஞ்சி மிதக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1934இலேயே பெரிய துளிகள் விழும், சிறியவை விழுமுன் உலர்ந்து மிதக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1950களின் பிற்பகுதியில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் போல்டிமோரில் காசநோயாளர் வார்ட்டு ஒன்றிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூடுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளரைத் தொடாத, பார்க்காத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. இவ்வளவு தெரிந்திருந்தும் பாடநூல்களில் ஒரு பிழை ஏறிவிட்டது. நுரையீரலின் அடி ஆழம்வரை போகக்கூடிய துணிக்கையின் அளவு 5 மைக்ரோமீற்றர். காற்றில் மிதக்கும் துணிக்கையின் எல்லையும் அதுதான் என்று மாற்றி எழுதப்பட்டது. அதைவிடப் பெரியவை எல்லாம் 1 அல்லது 2 மீற்றருக்குள் விழுந்துவிடும் என்று பல தசாப்தங்களாக மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். 2020 மார்ச்சில் உலக சுகாதார தாபனம் கொவிட் காற்றில் பரவாது என்றே அறிவித்தது. அதே ஆண்டு யூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகியோர் எழுதிய திறந்த கடிதத்துக்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவு தெரிவித்த பிறகும், நிலைப்பாடு முழுதாக மாற 2021 முடிந்துவிட்டது.

பரவும் வழியைத் தவறாக விளங்கிக்கொள்வது என்ன செய்யும் என்பது மட்டக்களப்புக்குத் தெரியும். புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்று சொல்லி 2020இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. புதைக்கலாம் என்றே உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல் இருந்தது. 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மண்ணையும் தண்ணீரையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அதே மாதங்களில், உயிரோடு இருந்தவர்கள் பூட்டிய அறைகளில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வகுப்பறையைக் கணக்குப் பார்ப்போம்

நீளம் 30 அடி, அகலம் 20 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 6000 கன அடி, அதாவது ஏறத்தாழ 170 கன மீற்றர். யன்னல் எல்லாம் சாத்திய அறையிலும் கதவிடுக்கு, கூரை இடுக்கு வழியே கொஞ்சம் வெளிக்காற்று வரும். மணிக்கு ஒரு அறை அளவு காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 170 கன மீற்றரை 3600 செக்கனால் பிரித்தால் செக்கனுக்கு 47 லீற்றர். அதை 60 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் செக்கனுக்கு 0.8 லீற்றர் கிடைக்கிறது. உலக சுகாதார தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல் ஆளுக்கு 10 லீற்றர் வேண்டும் என்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது.

இதை வெறும் தாள் கணக்கு என்று விடமுடியாது. 2020 சனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் யன்னல் இல்லாத, ஏசி போட்ட உணவகம் ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட ஒருவரிடமிருந்து மூன்று மேசைகளில் இருந்த 9 பேருக்குக் கொவிட் தொற்றியது. பிறகு அளந்து பார்த்தபோது அங்கே ஆளுக்குக் கிடைத்த வெளிக்காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 1 லீற்றர். நமது வகுப்பறையும் அந்த உணவகமும் காற்றுக் கணக்கில் ஒன்றுதான். 2020 மார்ச் 10இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் இரண்டரை மணி நேரப் பாடற்குழுப் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், 2 பேர் இறந்தார்கள். நெருக்கம், பூட்டிய அறை, உரத்த குரல், நீண்ட நேரம் என்று நாலும் சேர்ந்த இடம் அது.

இதே விஷயத்தை இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு 420 பிபிஎம் அளவில் இருக்கிறது. பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்பது. நாம் வெளியே விடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000. ஆகவே அறையில் காபனீரொட்சைட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால், உள்ளே இருக்கும் காற்றில் எத்தனை பங்கு யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய் வந்தது என்று தெரியும். 60 பேர் இருக்கும் அந்த அறையில் ஒரு மணி நேரத்தில் அளவு 4000ஐத் தாண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றுக்கு 9 பங்கு மற்றவர் விட்ட மூச்சு. 800இல் வைத்திருந்தால் அது நூற்றுக்கு 1 பங்காகக் குறைந்துவிடும். ஒருவர் குடித்து வைத்த கிளாசை அப்படியே வாங்கிக் குடிக்க யோசிக்கும் நாம், இதை மட்டும் யோசிப்பதில்லை.

உடலுக்குள் போகும் வைரசின் அளவு, காற்றில் அது எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, எவ்வளவு நேரம் இருந்தோம் என்ற இரண்டின் பெருக்கம். வெளிக்காற்றை இரட்டிப்பாக்கினால் அடர்த்தி பாதியாகும். நேரத்தையும் பாதியாக்கினால் மொத்தம் காற்பங்கு. இப்படி ஒவ்வொரு சின்ன வேலையும் மற்றதோடு பெருகும். ஒரேயொரு பெரிய தீர்வைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முகத்துக்கு முகம் ஒரு முழத் தூரத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்கு எதிராளின் மூச்சு ஐதாகாமலே நேரே வருகிறது. அங்கே யன்னல் திறந்திருந்தும் பெரிய பயன் இல்லை. கிட்டத்துக்கு இடைவெளியும் முகக்கவசமும், எட்டத்துக்குக் காற்றோட்டம். இரண்டும் வேண்டும்.

வர ஒரு வழி, போக ஒரு வழி

ஒரு சுவரில் எத்தனை யன்னல் திறந்தாலும் காற்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். எதிர்ச் சுவரிலும் திறந்தால்தான் அறையை ஊடறுத்து ஓடும். எதிரெதிராக ஒவ்வொரு சதுர மீற்றர் திறப்பு, நேரே அடிக்கும் காற்று செக்கனுக்கு 1 மீற்றர் என்று வைத்தால், ஏறத்தாழ 500 லீற்றர் வெளிக்காற்று ஒவ்வொரு செக்கனும் கடந்து போகும். அது 50 பேருக்குப் போதும். செக்கனுக்கு 1 மீற்றர் என்பது புகை சாயும், ஆனால் இலை சலசலக்காத அளவு. காற்று சரிவாக அடித்தால் இதில் பாதி கிடைக்கும். இங்கே பலர் விடும் பிழை ஒன்று உண்டு. வரும் பக்கம் பெரிய யன்னலைத் திறந்துவிட்டுப் போகும் பக்கம் ஒரு சாண் இடுக்கு மட்டும் வைப்பார்கள். எது சிறியதோ அதுதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், இரவில் தரைக்காற்று கடலை நோக்கிப் போகும். ஆகவே கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் திறப்பு உள்ள அறை பெரும்பாலான நாளில் தானாகவே மூச்சு விடும். கச்சான் காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும்போதும் திசைதான் மாறுகிறது, வழி அதேதான். சிக்கல் மாரியில் வருகிறது. அப்போது கிழக்கு, வடக்கு யன்னல்களைச் சாத்தாமல் இருக்க முடியாது. ஆனால் மேற்கு, தெற்குப் பக்கத்தையும் சேர்த்துச் சாத்துவது வெறும் பழக்கம். மழை படும் பக்கத்தில் கூரைக்குக் கீழே சுவரின் உச்சியில் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுக் கட்டினால், 30 அடிச் சுவருக்கு அது ஏறத்தாழ 0.9 சதுர மீற்றர். ஒரு நல்ல யன்னலுக்குச் சமம். தாழ்வாரம் நீண்டிருந்தால் அதற்குள் சாரலும் வராது.

பழைய பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறையைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இடுப்பளவு சுவர், மேலே திறந்த வெளி, உயரமான ஓட்டுக் கூரை. பெருவின் லீமா நகர வைத்தியசாலைகளை அளந்து 2007இல் வெளிவந்த ஆய்வும் இதையே காட்டியது. யன்னல் கதவு திறந்த வார்ட்டுகளில் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய அறைகளில் அது 12. அதிலும் உயர்ந்த கூரையும் பெரிய யன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றை வென்றன. அரைச்சுவரை மூடிக் கண்ணாடி போட்டு ஏசி பூட்டுவதை முன்னேற்றம் என்று நினைக்கும் நிருவாகங்கள் இந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

காற்று உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, பற்றவைத்த பத்தியை யன்னல் திறப்புக்கு ஒரு சாண் உள்ளே அசையாமல் பிடியுங்கள். புகை அறைக்குள் சாய்ந்தால் அது வரும் வழி. எதிர்ப் பக்கத்தில் புகை வெளியே இழுபட்டால் அது போகும் வழி. இரண்டு பக்கத்திலும் புகை நேரே மேலே எழும்பினால் ஓட்டம் இல்லை. அப்படியான நேரத்தில் ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றை யன்னலோடு ஒட்டி, முகம் வெளிப்பக்கம் பார்க்க வைத்து ஓடவிடுங்கள். சுற்றியுள்ள இடைவெளியைக் காட்போட்டால் அடைத்தால் இன்னும் நன்றாக இழுக்கும். பிறகு மீண்டும் பத்தியைப் பிடித்துப் பாருங்கள். முட்டு வருத்தக்காரர் இருக்கும் அறையில் இதைச் செய்ய வேண்டாம். ஒட்சிசன் பயன்படுத்தும் நோயாளி இருக்கும் இடத்தில் நெருப்பே கூடாது. அங்கே தையல் நூல் ஒன்றைத் தொங்கவிட்டு அது சாயும் பக்கத்தைப் பாருங்கள்.

சீலிங் ஃபேன் காற்றைச் சுழற்றும், மாற்றாது. யன்னல் திறந்திருக்கும்போது அது நல்ல துணை. பூட்டிய அறையில் ஒரு மூலையில் இருப்பதை எல்லா மூலைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

நுளம்பைப் பற்றிச் சொல்லாமல் நம்முடைய ஊரில் யன்னலைத் திறக்கச் சொல்லமுடியாது. மாரியில் டெங்கும் சேர்ந்தே வரும். யன்னலுக்கு வலை அடிப்பதுதான் வழி. வலை ஓட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும், தூசி படிந்த வலை அதைவிட மோசம். ஆகவே வலை அடித்தால் திறப்பைப் பெரிதாக்குங்கள், மாதம் ஒருமுறை கழுவுங்கள். யன்னலைச் சாத்திவிட்டு நுளம்புத்திரி கொளுத்துவது நுரையீரலுக்கு இரட்டைக் கேடு.

ஏசி அறையும் பஸ்ஸும்

சுவரில் பூட்டும் ஏசி வெளியிலிருந்து காற்று எடுப்பதாகப் பலர் நம்புகிறார்கள். வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடுவது குளிரூட்டி வாயு போகும் செப்புக் குழாய், வயர், தண்ணீர் வடியும் குழாய். காற்றுக் குழாய் எதுவும் இல்லை. அறைக் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்பத் தருகிறது. உள்ளே இருக்கும் வலை தூசியையும் மயிரையும் பிடிக்குமே தவிர வைரசைப் பிடிக்காது. வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் ஏசி இருந்தால் ஐந்து பேரும் அதற்குள் பாய் போட்டுப் படுப்பது வழக்கம். 12 அடிச் சதுர அறையில் விடியும்போது காபனீரொட்சைட்டு 3000ஐத் தாண்டுவது சாதாரணம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கிழமைக்காவது ஏசியை விட்டு யன்னலோடு படுங்கள். கட்டாயம் ஏசி வேண்டும் என்றால் எதிரெதிர் யன்னல்களை நாலு விரல் அளவு திறந்து, 26 பாகையில் வையுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்.

கலியாண மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ரமழான் இரவுகளில் தராவீஹ் தொழுகை நீண்டு போகும், ஆட்கள் தோளோடு தோள் நிற்பார்கள். ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் எல்லாக் கதவையும் விரியத் திறந்துவிடுங்கள். ஊடறுக்கும் காற்று மணிக்கு 10 தடவை மாறும் அளவில் இருந்தால் 10 நிமிடத்தில் மிதப்பவற்றில் ஏறத்தாழ 80 வீதம் போய்விடும். 5 நிமிடம் மட்டும் என்றால் ஏறத்தாழ 57 வீதம்.

கொழும்புக்குப் போகும் ஏசி பஸ்ஸில் இரவு முழுக்க ஒரே காற்று. அங்கே பயணி செய்யக்கூடியது நல்ல முகக்கவசம் போடுவதுதான். வான், கார் என்றால் ஏசி பொத்தான்களில் வண்டிக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி உள்ளதை நிறுத்தி, வெளிக்காற்று வரும் நிலைக்கு மாற்றுங்கள். யன்னல் திறப்பதென்றால் முன் ஒன்று, எதிர் மூலையில் பின் ஒன்று.

வீட்டில் ஒருவர் படுத்தால்

காற்று வெளியேறும் பக்கத்து அறையை அவருக்குக் கொடுங்கள். கடற்காற்று அடிக்கும் பகலில் அது மேற்கு அறை. கிழக்கு அறையில் படுக்க வைத்தால் அவர் மூச்சு வீடெல்லாம் சுற்றிய பிறகே வெளியேறும். இரவில் காற்றுத் திசை மாறும் என்பதால் அவருடைய யன்னலில் வெளிப்பக்கம் பார்த்த ஃபேன் ஒன்று ஓடட்டும். கதவைச் சாத்துங்கள், ஆனால் கதவடியில் துணி வைத்து அடைக்க வேண்டாம். அந்த இடுக்கால் கூடத்துக் காற்று அவர் அறைக்குள் போகவேண்டும். அங்கேதான் ஊதுபத்திச் சோதனை முக்கியம். கதவடியில் பிடித்த புகை அறைக்குள் இழுபட்டால் சரி. கூடத்துப் பக்கம் வீசினால் ஃபேன் தலைகீழாக வேலை செய்கிறது, அல்லது கூடத்து யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. கூடத்தில் ஒரு யன்னலைத் திறந்து மீண்டும் பாருங்கள்.

பராமரிப்பவர் உள்ளே போகும்போது என்95 வகை முகக்கவசம் போடவேண்டும். இரண்டு வார்கள் தலையைச் சுற்றி வருவதுதான் உண்மையான என்95. போட்ட பிறகு மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணில் அல்லது கன்னத்தில் காற்றுப் பட்டால் அது கசிகிறது. தாடிக்கு மேல் போட்டால் ஒட்டாது, அப்படியானவர் உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைப்பது நல்லது. நீல நிறச் சத்திரசிகிச்சை மாஸ்கின் துணி மோசமில்லை, அதன் ஓரங்கள்தான் கசிகின்றன. என்95ஐக் கழுவக்கூடாது. அதன் இழைகளில் உள்ள மின்னேற்றம்தான் நுண்துணிக்கைகளை இழுத்துப் பிடிக்கிறது, சவர்க்காரம் அதைப் போக்கிவிடும். காகித உறையில் காயவிட்டு, நாலைந்தை முறைவைத்து மாற்றிப் போடலாம். வார் தளர்ந்தால் எறியுங்கள்.

வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் காற்றில் உள்ள வைரசை அகற்றுவதில்லை, ஏற்கெனவே வீங்கிய சுவாசக் குழாயை இன்னும் எரிக்கும். ஆட்கள் மேல் குளோரின் தெளிப்பது தீங்கு. மேசைக்கு முன்னால் வைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு தெறிக்கும் துளியை மறிக்கும், மிதப்பவை அதைச் சுற்றி வரும்.

சின்னமுத்து (மீசில்ஸ்) இந்தக் கூட்டத்தில் தனி ரகம். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம்வரை அதன் வைரஸ் அந்த அறைக் காற்றில் தொற்றும் நிலையில் இருக்கும். 2019இல் இலங்கை அதை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது, 2023இல் மீண்டும் வந்தது. கிளினிக் வரிசையில் காய்ச்சலும் தடிப்பும் உள்ள பிள்ளையை உள்ளே இருத்தாமல் மரநிழலில் இருத்துவது அதனால்தான். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்எம்ஆர் ஊசிக்கு எந்த யன்னலும் ஈடாகாது.

அளக்க விரும்புபவர்களுக்கு

பாடசாலையோ மண்டபமோ ஒரு காபனீரொட்சைட்டு மானி வாங்கலாம். அகச்சிவப்பு ஒளியால் காபனீரொட்சைட்டை நேரே அளக்கும் என்டிஐஆர் வகை உணரி உள்ளதை மட்டும் வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களைப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்கின்றன. கை சுத்திகரிக்கும் திரவத்தைப் பக்கத்தில் திறந்தால் எண் பாய்ந்து ஏறுமானால் அது போலி. முற்றத்தில் வைத்தால் 420க்குக் கிட்டக் காட்டவேண்டும். அறைக்குள் அமர்ந்திருப்பவர் முக உயரத்தில், ஆட்களுக்கும் யன்னலுக்கும் ஒரு மீற்றருக்கு மேல் விலக்கி வையுங்கள். 800க்குக் கீழே நல்லது. 1500ஐத் தாண்டினால் எழுந்து கதவைத் திறக்கவேண்டும். மெழுகுதிரி, கற்பூரம், காஸ் அடுப்பு எரியும் இடத்தில் எண் பொய்யாக ஏறும். நுண்துணிக்கைகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஓடும் அறையில் எண் குறையாது, ஆனால் துணிக்கைகள் குறையும். வடிகட்டி வாங்கினால் அதன் மணிக்கான சுத்தக் காற்றளவு அறையின் கன அளவைப்போல் குறைந்தது 5 மடங்கா என்று பாருங்கள். 170 கன மீற்றர் வகுப்பறைக்கு அது 850 கன மீற்றர், வீட்டுக்கு விற்கும் சின்ன இயந்திரம் ஒன்று பெரும்பாலும் போதாது. ஓசோன் விடும் கருவிகளை வாங்காதீர்கள்.

அந்தக் கல்முனை வகுப்புக்கு இயந்திரம் தேவையில்லை. மேற்கில் ஒரு சதுர மீற்றர் யன்னல், கிழக்கில் கூரையடியில் அந்த 10 சென்ரிமீற்றர் இடைவெளி இரண்டும் இருந்து, செக்கனுக்கு 2 மீற்றர் காற்று நேரே அடித்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 900 லீற்றர் கிடைக்கும். 60 பேருக்கு வேண்டியது 600. வலை அடித்திருந்தால் மேற்கில் இன்னொரு யன்னல் திறக்கட்டும், கூரையடி இடைவெளியும் அகலட்டும். சேருக்கு ஒரு சின்ன மைக் வாங்கிக் கொடுத்தால் கத்தாமலே கேட்கும். 50 நிமிடத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் பிள்ளைகளை விறாந்தைக்கு அனுப்பிக் கதவைத் திறந்துவிடலாம். கிழக்குப் பக்கக் கூரையில் இரண்டடி தகரம் கூட்டிப் போட்டால் சாரல் உள்ளே வராது, அந்தப் பக்க யன்னல்களையும் பாதியாவது திறந்து வைக்கலாம்.